வெற்றிடமான ஆசனம் யாருக்குச் சொந்தம்?

(மொன்றியல் தமிழ் மக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1972ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆம் திகதி இலங்கையின் காங்கேசன்துறைத் தொகுதியின் நாடாளுமன்ற ஆசனம் வெற்றிடமானது. அது நிரப்பப்பட்டது 1975 பெப்ரவரி 6ஆம் திகதி. இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் அந்த மக்களுக்குக் கொழும்பில் ஆள் இல்லை. மாவிட்டபுரம், தெல்லிப்பழை, கீரிமலை என்று ஊர்ப்பெயர் சொன்னால் தலை நிமிர்த்திப் பார்க்கிறவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களிற் சிலர் அந்தத் தேர்தலில் வாக்குப் போட்டவர்களாகவும் இருக்கலாம்.

மொன்றியலின் இடைத்தேர்தல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் காங்கேசன்துறையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஆசனத்தை வெறுமையாக விட்டு வைப்பதும் ஆட்சி நடத்தும் ஒரு முறைதான் என்பதை எங்கள் சனம் அனுபவித்து அறிந்தது. அந்த அனுபவத்தோடு இந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தால்தான் அதன் நன்மையும் குறையும் சரியாகத் தெரியும்.

1972 மே 22ஆம் திகதி இலங்கையில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. முந்திய சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆவது பிரிவின் பாதுகாப்பு புதியதில் இல்லை. தமிழ் மக்கள் இதை ஏற்கவில்லை என்பதை எப்படிக் காட்டுவது? அப்போது தேசிய அரசுப் பேரவை என்று பெயர் மாறியிருந்த நாடாளுமன்றத்தில் காங்கேசன்துறை உறுப்பினர் செல்வநாயகம், நாங்கள் தந்தை செல்வா என்று அழைத்தவர், எழுந்து, தன் ஆசனத்தைத் துறக்கிறேன் என்று அறிவித்தார். புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்ற கேள்வியை முன்வைத்துத் தேர்தல் நடத்துங்கள், உங்கள் ஆளை நிறுத்துங்கள், மக்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்பது அவருடைய சவால். இடைத்தேர்தலை ஒரு தொகுதியின் பொதுவாக்கெடுப்பாக மாற்றிய செயல் அது. எங்கள் அரசியல் வரலாற்றில் அதற்கு இணையான இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு அந்தச் சவாலை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. நாளைக் கடத்தியது. பாதுகாப்பு நிலைமையைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிக்கொண்டே போனது. அந்த இடைவெளிக்குள் என்னவெல்லாம் நடந்தன என்று பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் தொடர்ந்தது. 1974 ஜனவரி 10ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளன்று உயிர்கள் போயின. இவை பற்றிப் பேரவையில் எழுந்து கேட்கக் காங்கேசன்துறைக்கு ஓர் உறுப்பினர் இல்லை.

கடைசியில் தேர்தல் வந்தபோது செல்வநாயகத்துக்கு 76 வயது. நடுக்குவாத நோய், காது கேட்பதிற் சிரமம், மேடையில் குரல் எழும்பாது. அவரை எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். மக்கள் மதிப்புப் பெற்ற இடதுசாரி அவர், அரசின் முழு ஆதரவும் பின்னால் இருந்தது. முடிவு: செல்வநாயகம் 25,927 வாக்குகள், பொன்னம்பலம் 9,457. பதிவான வாக்காளரில் நூற்றுக்கு 87 பேர் வாக்களித்திருந்தார்கள். இரண்டு ஆண்டு தாமதித்தால் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அந்த 87 தான் பதில். அடுத்த ஆண்டு, தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. பிறகு வந்ததெல்லாம் நீங்கள் அறிவீர்கள்.

இன்றைய இலங்கையில் இடைத்தேர்தலே இல்லை. விகிதாசார முறையில் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ பட்டியலில் அடுத்திருப்பவர் உள்ளே போவார். செலவு மிச்சம், குழப்பம் இல்லை என்று சிலர் இதைப் புகழ்வார்கள். என் எண்ணம் வேறு. நடுவழியில் மக்களிடம் திரும்பி வந்து நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கும் கட்டாயம் அந்த முறையில் இல்லாமற் போய்விட்டது. அது பெரிய இழப்பு.

இனி எங்கள் நகரத்துக்கு வருவோம்.

மொன்றியல் தீவின் தென்மேற்கில் லாசால்-எமார்-வெர்டன் என்ற கூட்டாட்சித் தொகுதி இருக்கிறது. லாசாலில் எங்கள் குடும்பங்களும் இருக்கின்றன. அந்தப் பகுதி லாசால்-எமார் என்ற பெயரில் இருந்த காலத்தில் முன்னாள் பிரதமர் போல் மார்ட்டின் அதன் உறுப்பினராக இருந்தார். லிபரல் கட்சியின் கோட்டை. 2015 முதல் உறுப்பினராகவும் பின்னர் நீதி அமைச்சராகவும் இருந்த டேவிட் லமெற்றி 2024 பெப்ரவரி 1ஆம் திகதி விலகி, சட்ட நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போனார். போவதற்கு அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையின் விலையைத் தொகுதி மக்கள் எவ்வளவு காலம் கொடுத்தார்கள் என்பதுதான் நான் கேட்பது.

கனடாச் சட்டம் இப்படிச் சொல்கிறது: வெற்றிடம் பற்றிய சபாநாயகரின் ஆணை தலைமைத் தேர்தல் அதிகாரிக்குக் கிடைத்த 11ஆவது நாளுக்கும் 180ஆவது நாளுக்கும் இடையில் அரசு தேர்தலை அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகு 36 நாள் முதல் 50 நாளுக்குள் வாக்களிப்பு நடக்க வேண்டும். நிரந்தரத் திகதிப்படி பொதுத் தேர்தல் வர ஒன்பது மாதத்துக்குக் குறைவாக இருக்கும்போது வெற்றிடம் ஏற்பட்டால் இடைத்தேர்தல் தேவையில்லை. காங்கேசன்துறைக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் 1973க்குள் தேர்தல் நடந்திருக்கும். இந்தப் பாதுகாப்பை நாங்கள் மதிக்க வேண்டும்.

ஆனால் லாசாலில் நடந்ததைக் கணக்குப் பாருங்கள். பெப்ரவரி 1இல் ஆசனம் வெற்றிடம். தேர்தல் அறிவிப்பு வந்தது யூலை 28இல். வாக்களிப்பு செப்ரெம்பர் 16இல். சட்டம் அறிவிப்புக்குத் தந்த ஆறு மாதத்தில் ஏறக்குறைய முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அறிவித்த பிறகு தந்த 50 நாளும் முழுதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மொத்தம் ஏழரை மாதம். சட்டத்தை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. சட்டம் வாசலை அவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் தனக்குத் தோதான நாளைத்தான் பார்க்கும்.

உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். முன்மேசையில் இருப்பவரிடம் ஒரு தாய் தன் மகனின் குடிவரவுக் கோவையின் இலக்கத்தைச் சொல்கிறார். முதலில் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் சார்பில் கேட்பதற்கு நீங்கள் எழுத்தில் அனுமதி தர வேண்டும். பிறகு அந்தப் பணியாளர் குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதுவார். பதில் இல்லாவிட்டால் மறுபடி எழுதுவார். எங்கள் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்களின் இணைப்பு, கடவுச்சீட்டு, முதியோர் ஓய்வூதியம் எல்லாம் இந்த மேசைகளைக் கடந்து வந்தவை. உறுப்பினர் விலகினாலும் அலுவலகம் பூட்டப்படாது, கடிதம் போகும். ஆனால் கடிதத்துக்கு மசியாத இடத்தில் அமைச்சரை நேரே பிடித்துக் கேட்க ஆள் இல்லை. அவையில் கேள்வி எழுப்ப ஆள் இல்லை. வாக்கெடுப்பில் கை தூக்க ஆள் இல்லை. 2024 யூன் 26 முதல் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களுக்குக் கியூபெக் அரசு உச்சவரம்பு வைத்தது. ஒட்டாவாவுக்கும் கியூபெக் நகருக்கும் இடையில் எங்கள் மனைவிமாரும் கணவன்மாரும் பந்தாடப்பட்ட அந்தக் கோடையில் லாசாலுக்கு ஒட்டாவாவில் குரல் இல்லாமல் இருந்தது.

செப்ரெம்பர் 16ஆம் திகதி வாக்களிக்கப் போனவர்களின் கையில் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான வாக்குச்சீட்டு கொடுக்கப்பட்டது. வேட்பாளர்கள் 91 பேர். அவர்களில் பெரும்பாலானோரை நிறுத்தியது, தேர்தல் முறை மாற வேண்டும் என்று போராடும் நீண்ட வாக்குச்சீட்டுக் குழு. வாக்களிப்பு மறைப்புக்குள் அந்தத் தாளை விரித்துப் பிடிக்க இடம் போதாது. கண்பார்வை குறைந்த ஒரு முதியவர் 91 பெயருக்குள் தனக்கு வேண்டியவரைத் தேட வேண்டும், தேடிக் குறியிட்ட பின் அதைப் பல மடிப்பாக மடித்துப் பெட்டிக்குள் போட வேண்டும். எண்ணுகிறவர்கள் ஒவ்வொரு தாளையும் விரித்து எண்ணி முடிக்க நள்ளிரவும் தாண்டியது.

புளொக் கியூபெக்குவாவின் லூயி-பிலிப் சோவே வென்றார். லிபரல் கட்சியின் லோரா பலஸ்ரினியை விட 248 வாக்குகள் கூடுதல். மூன்றாவதாக வந்த புதிய ஜனநாயகக் கட்சியின் கிறெய்க் சோவேயும் மிக அருகில் நின்றார். வென்றவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 28 வாக்கு. நூற்றுக்கு 72 பேர் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள். நீண்ட வாக்குச்சீட்டுக் குழுவின் குறை நியாயமானது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. ஆனால் அவர்கள் எடுத்த வழியை என்னால் ஏற்க முடியாது. முறையைத் திருத்தப் போகிறோம் என்று சொல்லி முதியவரையும் மொழி தெரியாதவரையும் வாக்குச்சாவடியில் வருத்துவது நீதியாகாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அல்பேர்ட்டாவின் பற்றில் றிவர்-குறோபுட் இடைத்தேர்தலில் அதே குழுவின் முயற்சியால் 214 பேர் நின்றார்கள். அங்கே அச்சிட்ட பெயர்களே இல்லை. வாக்காளர் தாமே பெயரை எழுத வேண்டியிருந்தது.

லாசாலின் அந்த இடைத்தேர்தலில் பதிவான வாக்காளரில் பத்துக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்களித்திருந்தார்கள். 248 வாக்கு என்பது எவ்வளவு? இந்த மண்டபத்தை நிரப்பி, வெளியே வரிசையாக நிற்பவர்களையும் சேர்த்தால் அவ்வளவுதான். லாசாலில் உள்ள சில அடுக்குமாடிகளின் குடியிருப்பாளர் போதும். அதற்கு முந்திய யூன் மாதம் ரொறன்ரோ-சென்.போல்ஸ் இடைத்தேர்தலில் லிபரல் கட்சி தோற்றிருந்தது. அதன்மேல் இதுவும் சேர்ந்தது. 2025 ஜனவரி 6ஆம் திகதி அப்போதைய பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ தான் விலகப் போவதாக அறிவித்தார். இந்த இரண்டு தோல்விகள் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரதமர் நிற்காத தொகுதியில் வாக்களித்தவர்கள் பிரதமருக்கே செய்தி அனுப்பினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லூயி-பிலிப் சோவே ஏழு மாதமே உறுப்பினராக இருந்தார். 2025 ஏப்ரல் பொதுத் தேர்தலில் அந்த ஆசனம் லிபரல் கட்சியிடம் திரும்பியது.

இந்த நகரம் இடைத்தேர்தலால் நாட்டை வியக்க வைத்தது அது முதல் தடவை இல்லை. சென்ற் லோறன் வீதியில் நடந்திருப்பீர்கள். அந்த வீதியும் அதன் அயலும் ஒரு காலத்தில் கார்ட்டியே என்ற தொகுதி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளர் தைக்கும் ஆலைகளில் வேலை செய்து வாழ்ந்த இடம். எங்களைப் போல மொழி தெரியாமல் வந்து, பத்துப் பேர் ஒரு வீட்டில் இருந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அத்தொகுதி உறுப்பினர் பீற்றர் பேர்க்கோவிச் 1942 டிசெம்பரில் இறந்தார். 1943 ஆகஸ்டில் இடைத்தேர்தல். போலந்தில் பிறந்து வந்த பிரெட் றோஸ் என்ற கம்யூனிஸ்ட் அதில் வென்றார். இரண்டாவதாக வந்த போல் மாசேயுடன் அவருக்கு இருந்த வித்தியாசம் 150 வாக்கு அளவுதான். பின்னாளில் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராக வந்த டேவிட் லூயிசும் அதே தேர்தலில் நின்று தோற்றவர்.

றோசின் கதை நன்றாக முடியவில்லை. சோவியத் ஒன்றியத்துக்கு இரகசியம் கொடுத்தார் என்று 1946இல் தண்டிக்கப்பட்டார், 1947இல் அவருடைய ஆசனத்தை அவை பறித்தது. அவரை நான் புகழ வரவில்லை. ஆனால் அந்தத் தொகுதியின் குடியேறிகள் செய்ததைக் கவனியுங்கள். 1938இல் ஓர் இடைத்தேர்தல், 1943இல் ஓர் இடைத்தேர்தல், 1947இல் ஓர் இடைத்தேர்தல். ஒவ்வொரு முறையும் அவர்கள் கட்சிகளைத் தங்கள் வாசலுக்கு வரவைத்தார்கள். தையல் ஆலைக் கூலியையும் வீட்டு வாடகையையும் பற்றிப் பேச வைத்தார்கள். பொதுத் தேர்தலில் தலைவர்கள் நாடு முழுவதும் பறப்பார்கள். இடைத்தேர்தலில் உங்கள் தெருவுக்கு வருவார்கள். அந்த வாய்ப்பைக் கார்ட்டியே மக்கள் வீணாக்கவில்லை.

கோற்-டே-நேஜின் ஒரு பகுதி உட்ரமோன் தொகுதிக்குள் வரும். அங்கே 2007 செப்ரெம்பர் 17ஆம் திகதி இடைத்தேர்தல் நடந்தது. லிபரல் தலைவர் ஸ்ரெபான் டியோன் தானே தெரிந்தெடுத்து நிறுத்திய ஜோஸ்லின் கூலோனைத் தோற்கடித்து, கியூபெக்கின் முன்னாள் சுற்றாடல் அமைச்சர் தோமஸ் மல்கெயர் புதிய ஜனநாயகக் கட்சிக்காக வென்றார். கியூபெக்கில் அந்தக் கட்சிக்கு அப்போது ஓர் ஆசனமும் இருக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து 2011இல் அதே கட்சி இம்மாகாணத்தில் 59 ஆசனம் வென்றது. அந்த அலையோடுதான் ஸ்காபரோவிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினராக ஒட்டாவாவுக்குப் போனார்.

மாகாணத்தை எடுத்தாலும் இதே கதைதான். கியூபெக் சட்டமும் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தலை அறிவிக்கச் சொல்கிறது. 2023 மார்ச்சில் எங்கள் நகரத்தின் சென்-ஆன்றி-சென்ற்-ஆன் தொகுதி கைமாறியது. லிபரல் தலைவியாக இருந்த டொமினிக் ஆங்கிலாட் விட்டுச்சென்ற ஆசனத்தில் கியூபெக் சொலிடேரின் கியோம் கிளிஷ்-றிவார் வந்து அமர்ந்தார். அவர் குடிவரவுச் சட்டத்தரணி. அதே ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி கியூபெக் நகரின் ஜான்-ரலோன் தொகுதியில் ஆளும் கட்சி தோற்றது. ஆற்றைக் கடக்கும் மூன்றாவது இணைப்பைக் கட்டுவோம் என்று சொல்லி வென்று, பிறகு கைவிட்டதற்கு அந்த மக்கள் கொடுத்த பதில் அது. மறுநாளே முதல்வர் லெகோ அந்தத் திட்டத்தைப் பற்றி மறுபடி மக்களிடம் கேட்கத் தயார் என்றார். 125 ஆசனத்தில் ஓர் ஆசனம் போனதற்கு ஆட்சி தன் பேச்சை மாற்றியது.

தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில்தான் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி இரட்டை இலையில் முதல் வெற்றி கண்டது. அது இடைத்தேர்தலின் நல்ல முகம். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் மற்ற முகம். வீட்டுக்கு வீடு பணம் போன விதத்துக்கு அந்த ஊர்ப்பெயரையே வைத்துவிட்டார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் இரத்தே செய்தது. ஒரே தொகுதியில் எல்லாக் கட்சியின் கண்ணும் குவியும்போது இந்த ஆபத்தும் கூடவே வரும். இந்தியச் சட்டமும் 1996 முதல் ஆறு மாதத்துக்குள் நிரப்பச் சொல்கிறது. வெற்றிடத்தை நிரப்பும் வேகத்தில் மட்டும் கவனம் வைத்தால் போதாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

ரொறன்ரோ உறவுகளின் அனுபவம் ஒன்றும் எங்களுக்குப் பாடம். 2016 செப்ரெம்பர் 1ஆம் திகதி ஸ்காபரோ-றூஜ் றிவர் மாகாண இடைத்தேர்தலில் இரண்டு தமிழர் வெவ்வேறு கட்சியில் நின்றார்கள். லிபரலில் பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சியில் நீதன் சான். வென்றவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் றேமண்ட் சோ. தமிழர் பிரிந்ததால் தோற்றோம் என்று அப்போது பலர் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. இரண்டு பெரிய கட்சிகள் எங்கள் பிள்ளைகளைத் தேடி வந்து நிறுத்தின என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். சோ மாகாண சபைக்குப் போனதால் அவருடைய மாநகரசபை ஆசனம் வெற்றிடமானது. 2017 பெப்ரவரியில் அதற்கு நடந்த இடைத்தேர்தலில் நீதன் சான் வென்றார். பெயரைப் பார்த்து வாக்களிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடைத்தேர்தல் என்பது புதியவர்கள் நுழையும் வாசல். அந்த வாசல் திறக்கும்போது நாங்கள் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இங்கே எங்களில் நிறையப் பேர் வாக்களிப்பதில்லை. காரணங்களும் எனக்குத் தெரியும். இரவு வேலை, பிரெஞ்சு தடுமாற்றம், யார் வந்தாலும் ஒன்றுதான் என்ற சலிப்பு, ஊரில் வாக்குப் போட்டு என்ன கண்டோம் என்ற காயம். அந்தக் காயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஊரில் எங்கள் வாக்கைத் தடுத்தவர்கள் இருந்தார்கள். இங்கே தடுப்பவர் யாரும் இல்லை. 76 வயதில் குரல் எழும்பாத ஒருவர் போட்டியிட்டபோது நூற்றுக்கு 87 பேர் வரிசையில் நின்ற தொகுதியிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். குடியுரிமை எடுத்தவர்கள் தங்கள் பெயரும் இப்போதைய முகவரியும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று தேர்தல் வருமுன் பாருங்கள். எங்கள் சனம் அடிக்கடி வீடு மாறும், பட்டியல் உடனே மாறாது. நிரந்தர வதிவிட உரிமையோடு நிற்பவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். முகவரி உள்ள அடையாள ஆவணம் கொண்டு போங்கள். கியூபெக்கின் சுகாதார அட்டையில் முகவரி இல்லை என்பதால் கூட்டாட்சித் தேர்தலுக்கு அது தனியே போதாது, சாரதி அனுமதிப்பத்திரமோ வேறோர் ஆவணமோ வேண்டும். வாக்களிப்பு நாளில் வேலை என்றால் முற்கூட்டிய வாக்களிப்பு நாட்கள் உண்டு. பிள்ளைகளே, அம்மம்மாவையும் அப்பப்பாவையும் வாக்குச்சாவடிக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது. பிரித்தானியாவில் வெற்றிடம் ஏற்பட்ட மூன்று மாதத்துக்குள் இடைத்தேர்தலை முன்னெடுப்பது வழக்கமாக இருக்கிறது. கனடாவில் 180 நாள் ஏன்? வீதிகள் பனியில் மூடிக் கிடந்த காலத்துக்கும் தபால் தாமதமான காலத்துக்கும் பொருந்திய அவகாசம் இன்று தேவையில்லை. அதை 90 நாளாகக் குறைக்கும்படி எங்கள் சங்கங்கள் எழுத வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்கள் ஒவ்வொருவரும் எழுத வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் அனுப்ப முத்திரைச் செலவும் இல்லை. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நான்கு வரி போதும். எழுதத் தெரியாதவர்கள் இன்று இங்கேயே சொல்லுங்கள், இருந்து எழுதித் தருகிறேன்.